குழந்தைகள் தொற்றுநோய் ஃபெலோன்னா யாரு, எங்கேருந்து வர்றாங்க, அவங்க கதை ஏன் முக்கியம்?

அமெரிக்காவுல ஒரு பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரில ஒரு குழந்தைக்கு அஞ்சு நாளா காய்ச்சல் இறங்கலைன்னு வைங்க. ஒரு கட்டத்துல வார்டு டாக்டருங்க "ஐடி டீமைக் கூப்பிடலாம்"னு சொல்லுவாங்க. இங்க ஐடின்னா கம்ப்யூட்டர் இல்ல, இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ், அதாவது தொற்றுநோய் டீம். கொஞ்ச நேரத்துல ஒருத்தர் ரூமுக்குள்ள வந்து தன்னை ஃபெலோன்னு அறிமுகப்படுத்திக்கிட்டு, ஸ்டெதஸ்கோப்பைத் தொடறதுக்கு முன்னாடியே கேள்வி கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. வீட்டுல பூனைக்குட்டி இருக்கா? ஆமை, ஓணான் ஏதாவது வளக்குறீங்களா? காய்ச்சாத பால், அதுல செஞ்ச சீஸ் சாப்பிட்டீங்களா? ஏரில நீச்சல் அடிச்சானா? தாத்தா பாட்டி வெளிநாட்டுலேருந்து வந்து தங்கினாங்களா, அவங்களுக்கு இருமல் இருந்துச்சா? அப்பா அம்மா என்ன வேலை பாக்குறீங்க, எங்க பொறந்தீங்க?

கேக்குறவங்களுக்கு இது என்னடா விசாரணை மாதிரி இருக்குன்னு தோணும். ஆனா ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாடியும் ஒரு கிருமி இருக்கு. பூனைக்குட்டி பிராண்டினா பார்டோனெல்லா, அதுல நெறிகட்டி வாரக்கணக்குல காய்ச்சல் இருக்கலாம். ஆமைன்னா சால்மோனெல்லா, சின்ன சைஸ் ஆமைகளை விக்கக்கூடாதுன்னு அமெரிக்காவுல 1975-லயே தடை போட்டதுக்குக் காரணமே குழந்தைங்களுக்கு அதுலேருந்து தொத்துனதுதான். காய்ச்சாத பால்னா புரூசெல்லா. அரிசோனா பக்கம் போய் புழுதில விளையாடியிருந்தா அங்க மண்ணுல இருக்குற ஒரு பூஞ்சை, ஓஹையோ மிசிசிப்பி ஆத்துப் பக்கம்னா வேற ஒரு பூஞ்சை, வடகிழக்கு மாநிலக் காட்டுப்பக்கம்னா உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய். பல நேரம் ஸ்கேன் சொல்லாததை இந்தக் கேள்விதான் சொல்லும்.

இந்தக் கேள்வியெல்லாம் கேக்குற ஆளைப் பத்திதான் இந்தக் கட்டுரை. ஏன்னா அமெரிக்காவுல எந்த ஃபெலோஷிப் ப்ரோக்ராமோட அறிமுகத்தைப் பாத்தாலும் அவங்க ஃபெலோங்களோட போட்டோ போட்டு, கீழ எந்த ஊரு, எங்க மெடிசின் படிச்சாங்க, எங்க ரெசிடென்ஸி (டாக்டர் ஆன பிறகு ஆஸ்பத்திரில வேலை பாத்துட்டே எடுக்குற பயிற்சி), என்ன ரிசர்ச், ஓய்வு நேரத்துல என்ன செய்வாங்கன்னு ஒரு சின்ன குறிப்பு இருக்கும். முதல்ல பாக்குறவங்களுக்கு இது ஏதோ கல்யாணத் தகவல் மாதிரி தெரியும், சிரிப்பு கூட வரும். எதுக்கு இதெல்லாம்னு புரியணும்னா இந்த வேலை என்னன்னு முதல்ல புரியணும்.

ஃபெலோன்னா ஸ்டூடன்ட் இல்ல, இதைத்தான் முதல்ல மனசுல வச்சுக்கணும். அமெரிக்காவுல காலேஜ் 4 வருஷம், மெடிக்கல் ஸ்கூல் 4 வருஷம், அப்புறம் குழந்தை மருத்துவ ரெசிடென்ஸி 3 வருஷம். அது முடிஞ்சாலே அவங்க முழுசா குழந்தை டாக்டர், தனியா கிளினிக் வச்சு வேலை பாக்கலாம். அதுக்கும் மேல, வேணும்னே இன்னொரு 3 வருஷம் குறைஞ்ச சம்பளத்துக்கு ஒரே ஒரு துறையை ஆழமா கத்துக்க வர்றவங்கதான் ஃபெலோ. சிலர் பெரியவங்க மருத்துவமும் குழந்தை மருத்துவமும் சேர்ந்த 4 வருஷ ரெசிடென்ஸி முடிச்சுட்டு பெரியவங்க, குழந்தைங்க ரெண்டு பேருக்குமான தொற்றுநோய் பயிற்சிக்குப் போவாங்க, அது இன்னும் நீளம். மொத்தத்துல ஸ்கூல் முடிச்சு 14 வருஷம் வரைக்கும் படிப்பு, பயிற்சின்னே இருக்குற ஆளுங்க இவங்க. வெளிநாட்டுல மெடிசின் படிச்சவங்கன்னா கணக்கு வேற மாதிரி, அதுக்கு அப்புறம் வரேன்.

இந்தத் துறைல ஆபரேஷன் கிடையாது, எண்டோஸ்கோப்பி மாதிரி செய்முறை எதுவும் பெருசா கிடையாது. யோசிக்கிறதுதான் வேலை. மத்த டாக்டருங்க கூப்பிட்டா போய்ப் பாத்து கருத்து சொல்றது, இதைத்தான் கன்சல்ட்னு சொல்லுவாங்க. ஃபெலோ போய் குழந்தையைப் பாத்து, பழைய ரிப்போர்ட்டெல்லாம் தோண்டி எடுத்து, கதையை முழுசா எழுதி, சீனியர் டாக்டர்கிட்ட சொல்லி, ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பப் போய்ப் பாப்பாங்க. நடுவுல மைக்ரோபயாலஜி லேபுக்குப் போய் கிருமி வளக்குற தட்டுல என்ன வளந்திருக்குன்னு நேர்ல பாக்குறதும் உண்டு. எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், ஊசியா மாத்திரையா, எப்ப நிறுத்தலாம்னு முடிவு சொல்றது இவங்கதான். அதை விட முக்கியமா "ஆன்டிபயாடிக் வேண்டாம்"னு சொல்ற தைரியமும் இவங்களுக்குத்தான் இருக்கணும். வலுவான மருந்துகளை மத்த டாக்டருங்க எழுதுறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும்னு பல ஆஸ்பத்திரில விதி, அந்த ஃபோனை எடுத்து ராத்திரி பேசுறதும் பெரும்பாலும் ஃபெலோதான். தன்னை விட இருவது வருஷம் சீனியரான சர்ஜன்கிட்ட இந்த மருந்து தேவையில்லன்னு பக்குவமா சொல்லிப் பழகுறதும் பயிற்சில ஒரு பாகம், எழுதி வச்ச பாடத்திட்டத்துல அது எப்படி இருக்குமோ தெரியாது, நிஜத்துல அதான் கஷ்டமான பாடம்.

பெரியவங்களுக்குத் தொற்றுநோய் டாக்டர் இருக்காங்களே, குழந்தைக்குத் தனியா எதுக்குன்னு கேக்கலாம். குழந்தைங்க சின்ன சைஸ் பெரியவங்க கிடையாது. மருந்து டோஸ் எடையை வச்சு மாறும், பெரியவங்களுக்குச் சாதாரணமா போடற செஃப்ட்ரையாக்சோன்ங்கிற ஆன்டிபயாடிக்கை மஞ்சள் காமாலை இருக்குற பச்சக்குழந்தைக்குப் போட யோசிப்பாங்க. பொறந்து ரெண்டு மாசத்துக்குள்ள வர்ற காய்ச்சலுக்குத் தனி வழிமுறையே இருக்கு. அப்புறம் அம்மாகிட்டேருந்து வயித்துல இருக்கும்போதே வர்ற தொற்றுங்க, அது பெரியவங்க துறையில கிடையவே கிடையாது. சிஎம்வின்னு ஒரு வைரஸ், அமெரிக்காவுல பொறக்குற 200 குழந்தைல ஒண்ணு அதோட பொறக்குது, அதுல அஞ்சுல ஒரு குழந்தைக்குக் காது கேளாமை மாதிரி நீண்டகாலப் பிரச்சனை வருது, ஆனா பல அப்பா அம்மா இந்தப் பேரையே கேட்டிருக்க மாட்டாங்க. சிபிலிஸ்னு ஒரு பால்வினை நோய், அது அம்மாகிட்டேருந்து பொறவியிலேயே வர்றது ஒழிஞ்சுபோச்சுன்னு நெனச்சிட்டிருந்தாங்க, 2022-ல மட்டும் அங்க 3,700-க்கு மேல கேஸ், 2012-ஐ விட பத்து மடங்குக்கு மேல. இதெல்லாம் பாக்கத்தான் தனி ஆளு.

3 வருஷம் எப்படிப் போகும்னா, முதல் வருஷம் பெரும்பாலும் நோயாளிங்களோடதான். பேஜர், கன்சல்ட், ஐசியூ, கேன்சர் வார்டு, உறுப்பு மாத்தின குழந்தைங்க, எச்ஐவி கிளினிக். அடுத்த ரெண்டு வருஷத்துல ரிசர்ச்தான் அதிகம், குறைஞ்சது ஒரு வருஷ அளவுக்காவது அதுக்கு நேரம் ஒதுக்கியே ஆகணும், ஒரு சின்னக் குழு அவங்க ஆராய்ச்சியைக் கண்காணிச்சிட்டே இருக்கும். சிலர் லேப்ல எலியோட உக்காந்திருப்பாங்க, சிலர் கம்ப்யூட்டர்ல பத்தாயிரம் குழந்தைங்க ரெக்கார்டை வச்சு எந்த மருந்து எத்தனை நாள் போதும்னு கணக்குப் போடுவாங்க, சிலர் வேற நாட்டுக்குப் போய் காசநோய் பத்தி வேலை பாப்பாங்க. முடிச்ச பிறகு இந்தத் துறை டாக்டர்னு சான்றிதழ் தர்ற போர்டு பரீட்சை இருக்கு, அது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். இவங்க எல்லாரோட பையிலயும், இப்ப ஃபோன்லயும் இருக்குற புத்தகம் ரெட் புக். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1938-லேருந்து போடுது, அட்டை சிவப்பு, அதான் பேரு.

சரி, ஆளுங்க கதைக்கு வருவோம். ஒருத்தரோட சொந்த வாழ்க்கை இந்தத் துறைக்குள்ள எப்படி வந்து உக்காருதுன்னு பாக்க எனக்குப் பிடிச்ச உதாரணம் மிச்சியாகி தகஹாஷி. ஜப்பான்காரர், 1960-கள்ல அமெரிக்காவுக்கு வந்து ஹூஸ்டன்ல பேய்லர் மெடிக்கல் காலேஜ்ல வைரஸ் ஆராய்ச்சி செஞ்சிட்டிருந்தார், அதாவது இன்னைக்கு இருக்குற ஃபெலோங்க மாதிரியே வெளிநாட்டுல கத்துக்க வந்த ஆளு. அங்க இருக்கும்போது 1964-ல அவரோட சின்னப் பையனுக்கு, கூட விளையாடின குழந்தைகிட்டேருந்து சின்னம்மை தொத்தி ரொம்ப மோசமாயிடுச்சு, மூச்சு விடவே சிரமப்பட்டான். வைரஸ் படிச்ச அப்பா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்குறதைத் தவிர ஒண்ணும் செய்ய முடியல. பையன் பொழச்சுட்டான். தகஹாஷி ஜப்பான் திரும்பிப் போய் சின்னம்மை வைரஸைப் பலவீனமாக்கித் தடுப்பூசி செய்யுற வேலையில இறங்கினார், 1974-ல அந்தத் தடுப்பூசி பத்தி வெளியிட்டார். அதுக்கு எடுத்த வைரஸ் ஓகான்னு ஒரு குடும்பத்துப் பையனோடது, அதனால இன்னைக்கும் அந்த வகைக்கு ஓகான்னுதான் பேரு. அமெரிக்காவுல 1995-லதான் அனுமதி கிடைச்சது.

இன்னொருத்தர் பால் ஆஃபிட். அஞ்சு வயசுல கால் வளைஞ்சிருந்ததுக்கு ஆபரேஷன் பண்ணி பால்டிமோர்ல போலியோ குழந்தைங்க நெறைய இருந்த வார்டுல வச்சிருந்தாங்க, அப்பா அம்மா வந்து பாக்குறதுக்கு ரொம்பக் கொஞ்ச நேரம்தான் அனுமதி. தனியா கெடந்த அந்தக் குழந்தைங்க ஞாபகம்தான் தன்னை இந்தப் பக்கம் தள்ளிச்சுன்னு அவரே பல தடவை சொல்லியிருக்கார். வளந்து குழந்தைகள் தொற்றுநோய் டாக்டராகி, 2006-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின, குழந்தைங்களுக்குக் கடுமையான வயித்துப்போக்கு தர்ற ரோட்டாவைரஸுக்கான தடுப்பூசியைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் ஆனார்.

ஆனா இப்படி சினிமா மாதிரிக் கதை எல்லார்கிட்டயும் இருக்கணும்னு அவசியமில்ல. விண்ணப்பக் கட்டுரைல இப்படி ஏதாவது எழுதணும்னு நெனச்சு கஷ்டப்பட்டுக் கதை தேடுறவங்களும் உண்டு, அது பாவம். பெரும்பாலானவங்க ரெசிடென்ஸில ஒரு நல்ல சீனியரைப் பாத்து இழுக்கப்பட்டவங்கதான். ஒரு குழப்பமான கேஸ்ல எல்லாரும் திணறும்போது அந்த ஐடி டாக்டர் வந்து ஒரு கேள்வி கேட்டு முடிச்சவிழ்த்தார், அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவ்வளவுதான் கதை. அது போதும்.

பின்னணி உண்மையிலேயே எங்க வேலைக்கு வருதுன்னா, எதைக் கண்ணால பாத்திருக்காங்கங்கிற இடத்துல. தட்டம்மையை எடுத்துக்கோங்க. அமெரிக்கா 2000-ல தட்டம்மை தன் நாட்டுல தொடர்ந்து பரவுறது நின்னுடுச்சுன்னு அறிவிச்சது. அதுக்கப்புறம் படிச்ச டாக்டருங்கள்ல நிறைய பேர் தட்டம்மையைப் புத்தகப் படத்துல மட்டும்தான் பாத்தாங்க. வாய்க்குள்ள கன்னத்துல உப்புத் தூவின மாதிரி வர்ற புள்ளிகளை நியூயார்க் குழந்தை டாக்டர் ஹென்றி காப்லிக் 1896-லயே எழுதி வச்சார், தடிப்பு வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம், ஆனா பாத்துப் பழகாத கண்ணுக்கு அது தெரியாது. 2025-ல மேற்கு டெக்சாஸ்ல 700 பேருக்கு மேல தட்டம்மை வந்து ரெண்டு குழந்தைங்க இறந்துபோனாங்க. அந்த மாதிரி நேரத்துல, தட்டம்மை இன்னும் பரவிட்டு இருக்குற நாட்டுல மெடிசின் படிச்சிட்டு வந்த ஒரு ஃபெலோ டீம்ல இருந்தா, சீனியரை விட அவங்களுக்கு அந்த வியாதியோட முகம் நல்லா தெரிஞ்சிருக்கும்.

வயசும் ஒரு பின்னணிதான். 1980-கள் வரைக்கும் ஹிப்னு சுருக்கமா சொல்ற பாக்டீரியா வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 அமெரிக்கக் குழந்தைங்களுக்கு, எல்லாம் அஞ்சு வயசுக்குக் கீழ, மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான நோயைக் கொடுத்துச்சு. 1987-லேருந்து மேம்பட்ட தடுப்பூசி வந்து, 1990-ல கைக்குழந்தைக்கும் போட ஆரம்பிச்ச பிறகு 99 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுபோச்சு. அப்ப ட்ரெயினிங்ல இருந்தவங்க ராத்திரி ராத்திரியா முதுகுத்தண்டு நீர் எடுத்துக் கை மரத்தவங்க, இன்னைக்கு ஃபெலோ மூணு வருஷத்துல ஒண்ணு கூடப் பாக்காம முடிக்கலாம். எச்ஐவியும் அப்படித்தான். 1994-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஜிடோவுடின்ங்கிற எச்ஐவி மருந்து கொடுத்தா அம்மாகிட்டேருந்து குழந்தைக்குத் தொத்துறது 25.5 சதவீதத்துலேருந்து 8.3 சதவீதமா குறையுதுன்னு தெரிஞ்சுது, இப்ப சரியா மருந்து எடுத்தா 1 சதவீதத்துக்கும் கீழ. அந்த 80-கள்ல குழந்தைங்களைப் பறிகொடுத்துட்டு இருந்த டாக்டருங்களும், அந்தக் காலத்தைக் கேள்விப்பட்டு மட்டும் இருக்குற ஃபெலோங்களும் இன்னைக்கு ஒரே மேஜையில உக்காந்து கேஸ் பேசுறாங்க.

மொழியும் சாதாரண விஷயமில்ல. மேல சொன்ன கேள்விகளை யோசிச்சுப் பாருங்க. காய்ச்சாத பால் குடிச்சீங்களா, வீட்டுல யாருக்காவது காசநோய் இருந்துச்சா, எந்த வழியா இந்த நாட்டுக்கு வந்தீங்கன்னு கேட்டா பயத்துல இல்லன்னு சொல்றவங்கதான் அதிகம். ஸ்பானிஷோ அரபியோ அவங்க மொழியிலேயே ஒருத்தர் கேட்டா பதில் வேற மாதிரி வரும். மொழிபெயர்ப்பாளர் இருப்பாங்கதான், இருந்தாலும் வீட்டுக்காரங்க எதைச் சொல்லத் தயங்குவாங்கன்னு உள்ளேருந்து தெரிஞ்சவங்களுக்குக் கேள்வியை எப்படி வைக்கணும்னு தெரியும். பண்ணையில வளந்த ஃபெலோ ஆடு குட்டி போட்டப்ப குழந்தை பக்கத்துல இருந்தானான்னு கேப்பாங்க, ஏன்னா குட்டி போடும்போது வர்ற திரவத்துலேருந்து க்யூ காய்ச்சல் தொத்தும், நகரத்துல வளந்தவங்களுக்கு அந்தக் கேள்வி படிச்சுத்தான் வரணும்.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். ஒருத்தர் ஒரு நாட்டுலேருந்து வந்ததால அந்த நாட்டு வியாதியெல்லாம் அவங்க தலையில கட்டுறது, அந்த நாட்டு நோயாளிங்க எல்லாரையும் அவங்ககிட்டயே அனுப்புறது, இது நடக்குது, இது சரியில்ல. பெரிய நகரத்துல ஏசி வீட்டுல வளந்தவங்களுக்கு கிராமத்து ஒட்டுண்ணி பத்தி என்ன தெரியும்.

வெளிநாட்டுல படிச்சவங்க இந்தத் துறைல கணிசமா இருக்காங்க. அவங்க பாதை தனி. அமெரிக்க லைசென்ஸ் பரீட்சைகளை எழுதி, சான்றிதழ் வாங்கி, சொந்த நாட்டுல ஏற்கனவே குழந்தை டாக்டரா இருந்தாலும் பெரும்பாலும் ரெசிடென்ஸியைத் திரும்ப முதல்லேருந்து செய்யணும். பல பேர் ஜே-1னு சொல்ற, பயிற்சிக்கு வர்றவங்களுக்கான விசால வர்றாங்க, அந்த விசாவோட விதிப்படி பயிற்சி முடிஞ்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகணும். அதுலேருந்து விலக்கு வேணும்னா பெரும்பாலும் டாக்டர் பத்தாத பகுதில 3 வருஷம் வேலை பாக்க ஒத்துக்கணும், மாநிலத்துக்கு வருஷம் 30 பேர் வரைக்கும் இந்த விலக்கு கிடைக்கும். கஷ்டம் என்னன்னா குழந்தைகள் தொற்றுநோய் வேலை பெரும்பாலும் பெரிய நகர ஆஸ்பத்திரிலதான் இருக்கு. அதனால மூணாவது வருஷத்துல அந்த ஃபெலோ ரிசர்ச் பேப்பரை எழுதிட்டே வக்கீல்கிட்டயும் பேசிட்டு இருப்பாங்க.

காசு விஷயத்தையும் மறைக்காம சொல்லணும். கடனோட மெடிக்கல் ஸ்கூல் முடிக்கிறவங்களுக்கு அங்க கடன் நடுவாந்தரமா பாத்தாலே ஏறக்குறைய 2 லட்சம் டாலர். மத்த பல துறைல கூடுதலா படிச்சா கூடுதல் சம்பளம், இங்க கூடுதலா 3 வருஷம் படிச்சும் வாழ்நாள் கணக்குல சாதாரண குழந்தை டாக்டரை விடக் குறைவா வாங்குறதுக்கு வாய்ப்பு அதிகம். ஆபரேஷன், செய்முறைக்குப் பணம் கொடுக்குற அமைப்புல யோசிக்கிறதுக்கும், தேவையில்லாத மருந்தை நிறுத்துறதுக்கும் காசு கம்மிதான். விளைவு, சமீப வருஷங்கள்ல ஃபெலோ இடங்கள்ல ஏறக்குறைய பாதிதான் நிரம்புது. குழந்தை மருத்துவ சிறப்புத்துறை டாக்டருங்களுக்கு 3 வருஷ சர்வீஸுக்கு 1 லட்சம் டாலர் வரைக்கும் கடனை அடைக்கிற அரசுத் திட்டம் ஒண்ணு வந்திருக்கு, நல்லதுதான், ஆனா அது மட்டும் போதும்னு எனக்குத் தோணல. இப்படி இருக்கும்போது யாரால வர முடியும்? கடன் இல்லாதவங்க, வீட்டுல இன்னொருத்தர் சம்பளம் இருக்குறவங்க, இல்லன்னா எவ்வளவு நஷ்டமானாலும் இதான் வேணும்னு பிடிவாதமா இருக்குறவங்க. முதல் தலைமுறையா காலேஜ் படிச்சு வந்தவங்களுக்கு இந்தக் கதவு கொஞ்சம் குறுகலாத்தான் இருக்கு, பின்னணி பத்திப் பேசுறப்ப இதை விட்டுட்டுப் பேசுனா அர்த்தமில்ல.

இப்ப அந்தச் சின்ன அறிமுகக் குறிப்புக்கு வாங்க. இடம் பாதி காலியா இருக்குறதால ப்ரோக்ராம்தான் ஆள் தேடுது, இங்க வந்தா உன்னை மாதிரி ஆளுங்க இருக்காங்கன்னு காட்டுறதுக்குத்தான் ஊரும் நாய்க்குட்டியும் மலையேற்றமும். ஒரு ப்ரோக்ராம்ல வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர்தான் சேருவாங்க, மூணு வருஷம் அந்தக் கொஞ்சம் பேரோடதான் ராத்திரி பகல் ஓடும், அதனால யாரு கூடங்கிறது பெரிய விஷயம். ஜூலைல பயிற்சி தொடங்கும், அதுக்கு முந்தின வருஷமே விண்ணப்பம், இன்டர்வியூ, டிசம்பர் வாக்குல மேட்ச் ரிசல்ட், ரெண்டு பக்கமும் கொடுத்த வரிசையைக் கம்ப்யூட்டர் பொருத்திச் சொல்லும்.

நீங்க இந்தத் துறைக்குப் போக நெனக்குறவங்கன்னா அந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது ஹாபியைத் தாண்டிப் பாருங்க. ரிசர்ச் தலைப்பு ஆளுக்கு ஆள் வேறயா இருக்கா, இல்ல எல்லாரும் ஒரே சீனியரோட ப்ராஜெக்ட்ல இருக்காங்களா. வெளிநாட்டுல படிச்சவங்க, ஜே-1ல இருக்குறவங்களை இதுக்கு முன்னாடி எடுத்திருக்காங்களா. குழந்தை பெத்துக்கிட்டு லீவு எடுத்தவங்க இருக்காங்களா. முடிச்சவங்க எங்க போனாங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதை நிதானமா பாருங்க. இன்டர்வியூ அன்னைக்கு சீனியருங்க இல்லாம ஃபெலோங்களோட மட்டும் பேச ஒரு மணி நேரம் தருவாங்க, ராத்திரி எத்தனை ஃபோன் வரும், ரிசர்ச் நேரத்துல வார்டுக்கு இழுக்குறாங்களா, இந்த ரெண்டையும் அப்ப கேட்டுடுங்க.